துடைப்பத்துக்கு வாரிசு: தில்லியில் துப்புரவுத் தொழில் குலத்தொழிலான வரலாறு

தில்லியின் தெருக்களைப் பெருக்குவதும் சாக்கடைகளைத் தூர்வாருவதும் ஏன் பெரும்பாலும் ஒரே சமூகத்தின் கைகளில் தலைமுறை தலைமுறையாகத் தங்கிவிட்டன என்று கேட்டால், அது அவர்களுடைய குலத்தொழில் என்ற விடையே வழக்கமாகக் கிடைக்கிறது. சாதிப் பெருமை பேசுவோர் மட்டுமல்லாமல், நல்லெண்ணம் கொண்ட சீர்திருத்தக்காரர்களும், நகராட்சி அதிகாரிகளும், நீதிமன்றங்களுக்கு வந்த அரசுத் தரப்புகளும்கூட இந்த விடையை ஏதோ ஒரு வடிவில் ஏற்றுக்கொண்டு, பழைய காலத்தின் மிச்சம் ஒன்று புதிய காலத்தில் மெல்ல மெல்லக் கரைந்துவருகிறது என்றே பேசிவந்திருக்கிறார்கள். தில்லி நகராட்சியின் ஒன்றரை நூற்றாண்டு வரலாறு இதற்கு நேர்மாறான ஒன்றைக் காட்டுகிறது. இன்று வால்மீகி என்ற பெயரால் அறியப்படும் அச்சமூகத்தாரின் முன்னோரில் பெரும்பகுதியினர் பஞ்சாபின் வயல்களில் கூலிக்கு உழைத்தவர்கள். நகரத்தில், நகராட்சி என்னும் நவீன அமைப்பின் கீழ், அதன் சட்டங்களாலும் சம்பளப் பட்டியல்களாலுமே அவர்கள் முழுநேரத் துப்புரவாளர்கள் ஆக்கப்பட்டார்கள். இந்தத் தொழிலின் வாரிசுரிமை பழமையிலிருந்து ஒழுகி வந்ததல்ல. ஒவ்வொரு தலைமுறையிலும் புதிதாக எழுதப்பட்டது.

1857 எழுச்சி அடக்கப்பட்ட பிறகு தில்லி பஞ்சாப் மாகாணத்துடன் இணைக்கப்பட்டு, 1863-இல் அங்கே நகராட்சி அமைக்கப்பட்டது. அதற்கு முன்பும் நகரத்தில் துப்புரவாளர்கள் இருந்தார்கள். ஆனால் அவர்கள் எவருக்கும் சம்பள ஊழியர்கள் அல்லர். தமிழ்நாட்டில் எடுப்புக் கழிப்பறை என்று சொல்லப்பட்ட, கழிவை மறுநாள் ஆள் வந்து கூடையில் அள்ளிச்செல்ல வேண்டிய அமைப்பே அக்காலத்து வீடுகளில் இருந்தது. இத்தனை வீடுகள் இந்தக் குடும்பத்துக்கு உரியவை என்ற வழக்காற்று உரிமை அன்று நிலவியது. ஜஜ்மானி என்று வட இந்தியாவில் அழைக்கப்படும் இம்முறையில், பணி செய்யும் குடும்பத்துக்கு வீட்டாரிடமிருந்து ரொட்டியும் பழந்துணியும் பண்டிகைக் காசும் கிடைத்தன. அவற்றைவிட முக்கியமானது, அள்ளிய கழிவை நகரத்தின் விளிம்பில் இருந்த விவசாயிகளுக்கு எருவாக விற்கும் உரிமை. இழிவு என்று கருதப்பட்ட தொழிலுக்குள் இப்படி ஒரு சிறு சொத்தும் அதனால் வந்த பேரம்பேசும் வலிமையும் இருந்தன என்பதை, தில்லி வால்மீகிகளின் வரலாற்றை விரிவாக ஆராய்ந்து 2000-ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்ட விஜய் பிரசாத் எடுத்துக்காட்டுகிறார். புதிய நகராட்சி கைவைத்தது அந்த உரிமையின் மீதுதான். குப்பையும் கழிவும் நகராட்சியின் உடைமை, அவற்றின் விற்பனை வருவாயும் நகராட்சிக்கே என்ற கொள்கையை அது படிப்படியாக நிலைநாட்ட முயன்றபோது துப்புரவாளர்கள் எதிர்த்தார்கள், வேலைநிறுத்தமும் செய்தார்கள். இறுதியில் எருவின் மீதிருந்த உரிமை அவர்களிடமிருந்து நழுவி, வேலை மட்டும் அவர்களிடம் எஞ்சியது. அவர்களுக்கும் நகராட்சிக்கும் இடையில் ஜமாதார் என்ற மேற்பார்வையாளன் நிறுத்தப்பட்டான். ஆள் சேர்ப்பதும், வருகையைக் குறிப்பதும், கூலியில் பங்கு பிடித்துக்கொள்வதும் அவன் கைக்குப் போயின.

1911-ஆம் ஆண்டின் பஞ்சாப் நகராட்சிச் சட்டம் இந்த நிலையைச் சட்டமொழியில் எழுதிவைத்தது. ஒரு வீட்டின் கழிவை அகற்றும் வழக்காற்று உரிமை உடைய துப்புரவாளர் தம் பணியைச் சரியாகச் செய்யாவிட்டால் வீட்டுக்காரரோ நகராட்சியோ குற்றவியல் நடுவரிடம் முறையிடலாம் என்றும், நடுவர் அபராதம் விதிக்கலாம் என்றும், குற்றம் மீண்டும் நிகழ்ந்தால் அந்த உரிமையையே பறிக்கலாம் என்றும் அச்சட்டம் கூறியது. நகராட்சியின் நேரடித் துப்புரவு ஊழியர்கள் முன்னறிவிப்பின்றி வேலையைவிட்டு நின்றால் அதையும் சிறைக்குரிய குற்றமாக்கும் விதிகள் அக்கால நகராட்சிச் சட்டங்களில் இருந்தன. எழுத்தர் வேலையைவிட்டு நின்றால் அது ஒப்பந்த மீறல், துப்புரவாளர் நின்றால் அது குற்றம் என்ற இந்த வேறுபாட்டை அம்பேத்கர் தம் எழுத்துகளில் சுட்டிக்காட்டியிருக்கிறார். தில்லி 1912-இல் பஞ்சாபிலிருந்து பிரிக்கப்பட்டுத் தனி ஆட்சிப்பகுதியான பிறகும் இந்தப் பஞ்சாப் சட்டமே அங்கு நடைமுறையில் இருந்தது. பழைய தில்லிக்கு அது 1957-ஆம் ஆண்டின் மாநகராட்சிச் சட்டம் வரையிலும், நாடாளுமன்றமும் அமைச்சகங்களும் உள்ள புதுதில்லி நகராட்சிப் பகுதிக்கு 1994 வரையிலும் நீடித்தது. குடியரசு பிறந்து 44 ஆண்டுகள் வரை, அதன் தலைநகரின் நடுப்பகுதி 1911-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படியே நிர்வகிக்கப்பட்டது என்பது வரலாற்று நூல்களில் போதிய கவனம் பெறாத செய்தி.

வயலில் உழைத்தவர்கள் ஏன் நகரத்துக்கு வந்தார்கள் என்பதற்கும் ஒரு சட்டம் காரணமாக இருந்தது. பஞ்சாபில் சூஹ்ரா என்று அழைக்கப்பட்ட சமூகத்தார் (இப்பெயரும் பங்கி என்ற பெயரும் இன்று வசைச்சொற்களாகவே வழங்குவதால், வரலாற்று ஆவணங்களைச் சுட்டும் அளவுக்கு மட்டுமே இங்கே இடம்பெறுகின்றன) கிராமத்தில் கழிவகற்றும் வேலையையும் செய்தார்கள் என்றாலும், அவர்களுடைய உழைப்பின் பெரும்பகுதி அறுவடையிலும் கால்நடைப் பராமரிப்பிலுமே கழிந்தது. 1900-ஆம் ஆண்டின் பஞ்சாப் நிலமாற்றத் தடைச் சட்டம், அரசு வேளாண் குடிகள் என்று அறிவித்த சாதியாருக்கே நிலம் கைமாறலாம் என்று வரையறுத்தபோது, தலைமுறைகளாக மண்ணில் உழைத்த இவர்கள் அப்பட்டியலில் இடம்பெறவில்லை; பணம் சேர்த்தாலும் நிலம் வாங்க வழியில்லாமல் போயிற்று. லேவாதேவிக்காரர்களிடமிருந்து விவசாயியைக் காக்க வந்த சட்டம் என்ற புகழ் அதற்கு உண்டு; அது யாரை விவசாயி என்று எண்ணவில்லை என்பதையும் சேர்த்தே அதை மதிப்பிட வேண்டும். 1911 டிசம்பர் 12 அன்று தர்பாரில் தலைநகர் மாற்றம் அறிவிக்கப்பட்டு, புதுதில்லி எழும்பத் தொடங்கியபோது, அகன்ற சாலைகளையும் பங்களாக்களையும் துப்புரவாக வைத்திருக்க ஆட்கள் பெருமளவில் தேவைப்பட்டார்கள். சாதிப் பெயரைக் கேட்டதும் தொழிலை முடிவுசெய்யும் பழக்கத்தை மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலிருந்தே பெற்றிருந்த அதிகாரிகள், பஞ்சாபிலிருந்து வந்த இவர்களைத் துடைப்பத்தைத் தவிர வேறு எதற்கும் தேர்ந்தெடுக்கவில்லை. வயற்கூலியின் பேரன் இவ்வாறு நகராட்சித் துப்புரவாளன் ஆனான். அடுத்த தலைமுறையில் அது அவன் குலத்தொழில் என்று பதிவாயிற்று.

அச்சமூகத்தாரின் சமய வாழ்க்கையும் இதே காலத்தில் மாற்றியமைக்கப்பட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் வட இந்தியத் துப்புரவாளர்களுக்கு லால் பேக் என்ற தனி ஞானத்தலைவர் இருந்தார். அவருக்கான மேடைகளும், பரம்பரையாக ஓதப்பட்ட வம்ச வரலாறுகளும், இந்து மரபிலும் இஸ்லாமிய மரபிலும் கிளைவிட்டு எதிலும் முழுதாக அடங்காத சடங்குகளும் இருந்தன. சட்டமன்றங்களில் இடங்கள் மதவாரி எண்ணிக்கையைப் பொறுத்து அமையத் தொடங்கியதும் இம்மக்கள் எந்தக் கணக்கில் சேர்வார்கள் என்பது அரசியல் கேள்வியாயிற்று. ஆரிய சமாஜத்தின் சுவாமி சிரத்தானந்தர் 1921-இல் தில்லியில் தலித்துகளின் முன்னேற்றத்துக்கென ஒரு சபையைத் தொடங்கினார்; 1920-களிலும் 1930-களிலும் சமாஜத்தார் இராமாயணம் இயற்றிய வால்மீகியே இச்சமூகத்தின் ஆதிகுரு என்று பரப்பினார்கள். 1932-இல் பூனா ஒப்பந்தம் ஏற்பட்ட சில நாள்களில் அரிசன சேவக சங்கம் தோன்றித் தில்லியைத் தலைமையிடமாகக் கொண்டது, தொழிலதிபர் ஜி.டி. பிர்லா அதன் தலைவர், தக்கர் பாபா அதன் செயலாளர். வசைப்பெயரைச் சுமந்தவர்களுக்கு ஆதிகவியின் பெயர் மதிப்பைத் தந்தது உண்மை. இன்று வால்மீகி ஜெயந்தி ஊர்வலங்களில் காணப்படும் பெருமிதம் பொய்யானதல்ல. ஆயினும் வேலைக்கு ஆள் எடுத்த முறையில் இந்தப் பெயர்மாற்றத்தால் ஓர் எழுத்தும் மாறவில்லை.

காந்தியடிகள் 1946 ஏப்ரலில் புதுதில்லியில் தங்குவதற்குத் தேர்ந்தெடுத்த இடம், பஞ்ச்குயியான் சாலையை ஒட்டி, இன்று மந்திர் மார்க் என்று அழைக்கப்படும் தெருவில் இருந்த துப்புரவாளர் குடியிருப்பின் வால்மீகி கோயில். எல்லாச் சாதியாரையும் உள்ளே விடவேண்டும் என்ற நிபந்தனையுடன் 1939-இல் அவர் திறந்துவைத்த பிர்லா கோயிலும் அதே தெருவில்தான் இருக்கிறது. 1947 ஜூன் வரை, இடையிடையே வெளியூர் சென்றுவந்த காலம் போக, அவர் அந்தக் கோயிலின் சிறு அறையிலேயே தங்கினார். பிரிட்டிஷ் அமைச்சரவைத் தூதுக்குழுவின் பேச்சுவார்த்தைகள் நடந்த மாதங்களில் நாட்டின் தலைவர்கள் அனைவரும் அந்தக் குடியிருப்பின் வாசலுக்கு வந்துபோனார்கள். தீண்டாமையை இந்து சமயத்தின் மீது படிந்த பாவமாகக் கருதிய ஒருவர் செய்யக்கூடிய மிகப் பெரிய அடையாளச் செயல் அது. அதைக் குறைத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அமெரிக்க ஒளிப்படக் கலைஞர் மார்கரெட் பூர்க்-வைட், காந்தியார் வருமுன் குடியிருப்போரில் ஒரு பகுதியினர் அகற்றப்பட்டு, அவர்களுடைய குடிசைகள் இருந்த இடத்தில் துப்புரவான புதுக் குடில்கள் எழுப்பப்பட்டன என்று எழுதியிருக்கிறார். அதைவிடக் கவனிக்க வேண்டியது, காந்தியார் அங்கே வந்து சேர்ந்த அதே மாதத்தில் பம்பாயில் துப்புரவாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, அரிசன் இதழில் அதை அவர் ஏற்காமல் எழுதியது. வேலைநிறுத்தம் பொருந்தாத சில பணிகள் உண்டு, துப்புரவு அவற்றுள் ஒன்று என்பது அவர் கருத்து. துப்புரவாளர்களின் குறைகளை நகரத்தார் தீர்க்க வேண்டும் என்று அவர் கேட்டார். அவர்களாகவே கேட்டுப் பெறும் ஆயுதத்தை மட்டும் அவர்களுக்கு மறுத்தார். மருத்துவருக்கும் துப்புரவாளருக்கும் சமூகம் சமமாகக் கடன்பட்டது என்ற கொள்கையில் குறையில்லை. அந்தக் கொள்கையை வைத்துக்கொண்டு தம் மகனைத் துப்புரவுப் பணிக்கு அனுப்பிய மருத்துவர் எவரும் இல்லை என்பதே வரலாறு.

கழிவகற்றும் பணியைப் புனிதத் தொண்டாகப் போற்றுவது, அதைச் செய்வோரை அதிலேயே கட்டிவைக்கும் தந்திரம் என்று 1945-இல் வெளிவந்த காங்கிரசைப் பற்றிய தம் நூலில் அம்பேத்கர் சாடியிருந்தார். வைசிராயின் செயற்குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக 1942 முதல் 1946 வரை அவரும் தில்லியிலேயே வாழ்ந்தார். காந்தியார், அம்பேத்கர் இருவரில் யார் சொன்னது சரி என்பதற்குப் பிரிவினை ஒரு கொடிய சான்றைத் தந்தது. 1947-இல் சிந்து மாகாணத்திலிருந்து இந்துக்கள் வெளியேறத் தொடங்கியதும், துப்புரவாளர்கள் மட்டும் அத்தியாவசியப் பணியாளர்கள் என்று அறிவிக்கப்பட்டு வெளியேற விடாமல் தடுக்கப்பட்டார்கள். அவர்கள் போய்விட்டால் கராச்சியின் தெருக்களையும் கழிப்பறைகளையும் யார் துப்புரவு செய்வது என்ற கேள்வியைப் பிரதமர் லியாகத் அலி கானே எழுப்பியதாக அங்கிருந்த முதல் இந்தியத் தூதர் ஸ்ரீபிரகாசா பதிவுசெய்திருக்கிறார். அவ்வாண்டு டிசம்பரில் அம்பேத்கர் இதுபற்றி நேருவுக்குக் கடிதம் எழுதினார். மதத்தின் பெயரால் பிரிந்த நாடுகளில் ஒன்று, வேற்று மதத்தார் அனைவரையும் போகவிட்டு, துடைப்பம் பிடித்த கைகளை மட்டும் பிடித்து நிறுத்திக்கொண்டது.

1950 ஜனவரி 26 அன்று நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 17-ஆவது கூறு தீண்டாமையை ஒழித்தது. 1955-இல் தீண்டாமைக் குற்றங்கள் சட்டம் வந்தது. அதற்கு இரண்டே ஆண்டுகளில், 1957 ஜூலையில், புதுதில்லி நகராட்சியின் துப்புரவாளர்கள் கூலியும் வேலைநிலையும் மேம்பட வேண்டி வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். ஜூலை 31 அன்று பஞ்ச்குயியான் சாலைக் குடியிருப்பில், காந்தியார் தங்கியிருந்த அதே குடியிருப்பில், காவல்துறை துப்பாக்கிச்சூடு நடத்தியது. பூப் சிங் என்ற இளைஞர் இறந்தார். அவர் நகராட்சி ஊழியரும் அல்லர், உறவினரைப் பார்க்க வந்தவர். அந்நாளைத் துப்புரவுத் தொழிலாளர் நாளாக இன்றும் தொழிலாளர் அமைப்புகள் கடைப்பிடிக்கின்றன. நாட்டின் நாள்காட்டியில் அதற்கு இடமில்லை.

இந்நிகழ்வுக்குப் பதினோரு ஆண்டுகள் கழித்து அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரத்தில் நடந்த ஒன்றை இதனுடன் சேர்த்துப் பார்க்கலாம். 1964-இல் குடிமை உரிமைகள் சட்டமும் 1965-இல் வாக்குரிமைச் சட்டமும் நிறைவேறி, கறுப்பின மக்களின் அரசியல் போராட்டம் வென்றுவிட்டது என்று உலகம் கருதிய காலம் அது. 1968 பிப்ரவரி 1 அன்று அந்நகரத்தில் மழைக்கு ஒதுங்கிய இரண்டு கறுப்பினத் துப்புரவுத் தொழிலாளர்கள் குப்பை வண்டியின் அழுத்தும் பொறியில் நசுங்கி இறந்தார்கள்; அதையடுத்து, ஏறக்குறைய அனைவரும் கறுப்பினத்தவரான 1,300 தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்களுக்கு ஆதரவாகச் சென்ற மார்ட்டின் லூதர் கிங் ஏப்ரல் 4 அன்று அங்கேயே சுட்டுக் கொல்லப்பட்டார். வாக்குரிமை வந்தது, தனிப் பள்ளியும் தனிப் பேருந்து இருக்கையும் சட்டத்தால் ஒழிந்தன. யார் குப்பை அள்ளுவது என்பதை மட்டும் எந்தச் சட்டமும் தொடவில்லை. இரு நகரங்களுக்கும் பொதுவானது இதுவே. வேறுபாடு, மெம்ஃபிஸ் அமெரிக்க வரலாற்றின் பாடநூலில் ஏறியது, பஞ்ச்குயியான் சாலை ஏறவில்லை என்பது.

இந்த ஒப்பீடு தில்லி அரசுக்கு எப்போதுமே உவப்பானதாக இருந்ததில்லை. 1946-இல் ஐக்கிய நாடுகள் அவையில் தென்னாப்பிரிக்காவின் இனவெறிக் கொள்கைக்கு எதிராக முதலில் குரல் எழுப்பிய நாடு இந்தியா. 1965-இல் இனப்பாகுபாட்டுக்கு எதிரான பன்னாட்டு உடன்படிக்கை உருவானபோது, நிறம், இனம் ஆகியவற்றுடன் வம்சாவளி என்ற அடிப்படையையும் வரையறையில் சேர்க்கும் திருத்தத்தை முன்மொழிந்ததும் இந்தியாதான். ஆனால் அந்தச் சொல்லுக்குள் சாதியும் அடங்கும் என்று உடன்படிக்கையைக் கண்காணிக்கும் குழு 1996-இல் கூறியபோது இந்தியா மறுத்தது. 2001-இல் டர்பன் நகரத்தில் கூடிய இனவெறி எதிர்ப்பு மாநாட்டிலும் சாதியைப் பேசவிடாமல் தடுக்கவே முயன்றது. இதற்கு முன்பே, 1983-இல், ஜெனீவாவில் ஐ.நா. துணைக்குழு ஒன்றின் முன் தீண்டாமையைப் பற்றிச் சாட்சியம் அளித்தவர் பகவான் தாஸ். துப்புரவாளர் சமூகத்தில் சிம்லாவின் ஜுதோக் பாசறைப் பகுதியில் பிறந்து, அம்பேத்கரிடம் ஆய்வு உதவியாளராகப் பணியாற்றி, பின் தில்லியில் உச்ச நீதிமன்ற வழக்கறிஞரானவர் அவர். தம் சமூகத்தின் வரலாற்றை, அதன் வசைப்பெயரையே தன்மையில் ஏற்றுத் தலைப்பிட்ட இந்தி நூலாக எழுதினார். சாதியும் இனமும் ஒன்றல்ல என்ற சமூகவியல் வாதத்தில் பொருள் உண்டு. ஆனால் பிறப்பை வைத்து வேலையும் வேலையை வைத்து மதிப்பும் முடிவாகும் இடத்தில், தோலின் நிறம் வேறுபடவில்லை என்பதைப் பாதிக்கப்பட்டவருக்கு ஆறுதலாகச் சொல்வதில் பொருளில்லை.

விடுதலைக்குப் பின் ஆட்சியாளர்கள் இத்தொழிலாளர்களை மறந்துவிட்டார்கள் என்று சொல்ல முடியாது. குழுக்கள் அடுத்தடுத்து அமைக்கப்பட்டன. 1949-இல் பம்பாய் அரசு அமைத்த பார்வே குழு, 1957-இல் மத்திய அரசு அமைத்த மல்கானி குழு, 1960-களின் பிற்பகுதியில் பாண்டியா குழு என்று பட்டியல் நீளும். 1965-இல் மல்கானி தலைமையிலேயே இன்னொரு குழு, வழக்காற்றுத் துப்புரவு உரிமைகளை ஒழிப்பது பற்றி மட்டும் ஆராய அமைக்கப்பட்டது. 1911-ஆம் ஆண்டுச் சட்டம் பாதுகாத்த அதே உரிமை அதுவரை உயிருடன் இருந்தது என்பதற்கு அக்குழுவே சான்று. மக்களைத் தொழிலோடு பிணைத்த கயிறு இக்குழுக்களின் பரிந்துரைகள் எட்டாத இடத்தில் இருந்தது. நகராட்சி கட்டித்தந்த குடியிருப்பு வேலையோடு இணைந்தது. தந்தை ஓய்வுபெறும்போது வீட்டில் யாரேனும் அதே வேலையில் இல்லாவிட்டால் வீட்டைக் காலிசெய்ய வேண்டும். பணியில் இருக்கும்போது தந்தை இறந்தால் கருணை அடிப்படையில் பிள்ளைக்கு வேலை கிடைக்கும். கிடைப்பது பெரும்பாலும் அதே துடைப்பம். நிரந்தர ஊழியருக்குப் பதிலாளாக நாள்கூலிக்கு நிற்பவர்கள் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தே நிரந்தரமாவார்கள் என்பதால், பள்ளிக்கூடத்தை விடும் வயதிலேயே பிள்ளைகளை அந்த வரிசையில் நிறுத்துவது குடும்பங்களுக்கு அறிவார்ந்த முடிவாகத் தோன்றியது. வாடகை வானளாவிய நகரத்தில் வீடும், மாதச் சம்பளமும், ஓய்வூதியமும் தரும் வேலையை எந்தத் தந்தையும் எளிதில் கைவிட மாட்டார். நலத்திட்டமாகவும் தொழிற்சங்க வெற்றியாகவும் கிடைத்தவையே வாரிசுரிமையைப் பத்திரமாக அடுத்த தலைமுறையிடம் ஒப்படைத்தன என்பது இவ்வரலாற்றின் கசப்பான பகுதி. தகழியின் நாவலைச் சுந்தர ராமசாமியின் மொழிபெயர்ப்பில் 'தோட்டியின் மகன்' என்று படித்த தமிழ் வாசகருக்கு, ஆலப்புழையில் நடக்கும் அக்கதையின் தந்தைகளை இங்கே அடையாளம் காண்பது கடினமாக இராது.

சாதி ஒட்டிக்கொள்வது சம்பளத்தோடு அல்ல, துடைப்பத்தோடுதான் என்பதற்குத் தில்லியின் அண்டை மாநிலமே சான்று. உத்தரப் பிரதேசத்தில் 2008-ஐ ஒட்டிக் கிராமத் துப்புரவுப் பணியிடங்களுக்குப் பெருமளவில் ஆள் எடுத்தபோது, அரசுச் சம்பளத்துக்காகப் பிற சாதியாரும் ஆர்வத்துடன் சேர்ந்தார்கள்; சேர்ந்தவர்களில் பலர் ஒரு சிறு தொகைக்கு வால்மீகிகளைத் தம் இடத்தில் பெருக்க வைத்தார்கள் என்று செய்திகள் தொடர்ந்து வெளிவந்தன.

1993-இல் மனிதக் கழிவை மனிதர் அகற்றும் பணியைத் தடைசெய்து நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. கர்நாடகத்தின் கோலார் தங்கவயலில் இதே தொழிலைச் செய்த குடும்பத்தில் பிறந்த பெஜவாடா வில்சன் முன்னின்று நடத்தும் சஃபாய் கர்மசாரி ஆந்தோலன் என்ற இயக்கம், அச்சட்டம் நடைமுறையாகவில்லை என்று 2003-இல் உச்ச நீதிமன்றத்தை அணுகியது. வழக்கு நடந்துகொண்டிருந்தபோதே, பாதாளச் சாக்கடையிலும் கழிவுநீர்த் தொட்டியிலும் பாதுகாப்பின்றி இறக்குவதையும் குற்றமாக்கிய புதிய சட்டம் 2013-இல் வந்தது. 2014 மார்ச் 27 அன்று அளித்த தீர்ப்பில் உச்ச நீதிமன்றம், 1993 முதல் சாக்கடையில் இறந்த ஒவ்வொருவரின் குடும்பத்துக்கும் 10 லட்சம் ரூபாய் தர உத்தரவிட்டது. 2023 அக்டோபரில் அத்தொகை 30 லட்சமாக உயர்த்தப்பட்டது. இழப்பீடு உயர்ந்தது; இறப்பு நிற்கவில்லை. 2017 ஜூலை 15 அன்று தில்லியின் கிட்டோர்னியில் நால்வர், ஆகஸ்ட் 6 அன்று லஜ்பத் நகரில் மூவர், 2018 செப்டம்பர் 9 அன்று மோதி நகரின் அடுக்குமாடிக் குடியிருப்பில் ஐவர் என்று நச்சுவாயு உயிர்களைக் கொண்டுபோனது. இறந்தவர்கள் பெரும்பாலும் ஒப்பந்தக்காரருக்குக் கீழே இன்னொரு ஒப்பந்தக்காரர் அமர்த்திய கூலிகள்; வால்மீகிகளோடு பிழைப்பு தேடி வந்த பிற ஏழைகளும் அவர்களில் இருந்தார்கள். நிரந்தர வேலை தந்த வீடும் ஓய்வூதியமும் ஒப்பந்த முறையில் மறைந்துவிட்டன. குழி மட்டும் மறையவில்லை.

சாதிக் கணக்கைப் பொறுத்தவரை ஐயத்துக்கு இடமில்லை. மனிதக் கழிவை அகற்றுவோர் என்று அடையாளம் காணப்பட்டவர்களில் சாதி விவரம் கிடைத்த 43,797 பேரில் 42,594 பேர் பட்டியல் சாதியினர் என்று மத்திய அரசு 2021-இல் நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. நூற்றுக்கு 97 பேர். சாக்கடை, கழிவுநீர்த் தொட்டித் தொழிலாளர்களை மத்திய அரசு பின்னர் கணக்கெடுத்தபோது, 2024 வரை விவரம் பதிவான ஏறத்தாழ 38,000 பேரில் சுமார் 69 விழுக்காட்டினர் பட்டியல் சாதியினராகவும், 8 விழுக்காட்டினர் மட்டுமே பொதுப் பிரிவினராகவும் இருந்தார்கள். இடஒதுக்கீடு இதை மாற்றியிருக்க வேண்டாமா என்ற கேள்வி நியாயமானது. பட்டியல் சாதிகளுக்குள் கல்வியில் பின்தங்கியவர்களுக்கு அதன் பயன் குறைவாகவே சென்றது. பஞ்சாப் அரசு 1975-லேயே பட்டியல் சாதி இடங்களில் பாதியை வால்மீகிகளுக்கும் மஜஹபி சீக்கியருக்கும் முன்னுரிமையாக ஒதுக்கியதும், தமிழ்நாட்டில் துப்புரவுப் பணியில் மிகுதியாக உள்ள அருந்ததியருக்கு 2009-இல் 3 விழுக்காடு உள்ஒதுக்கீடு வழங்கப்பட்டதும் இதை உணர்ந்ததால்தான். இத்தகைய உள்ஒதுக்கீடு செல்லும் என்று உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு 2024 ஆகஸ்ட் 1 அன்று தீர்ப்பளித்தது. முதல் முயற்சிக்கும் இறுதி ஏற்புக்கும் இடையே 49 ஆண்டுகள், அதாவது ஏறத்தாழ இரண்டு தலைமுறைகள், கடந்திருந்தன.

அரசியல் தலைமையோ அடையாளச் செயல்களில் குறைவைக்கவில்லை. 2014 அக்டோபர் 2 அன்று பிரதமர் நரேந்திர மோடி தூய்மை இந்தியா திட்டத்தைத் தொடங்க, மந்திர் மார்க்கின் அதே வால்மீகிக் குடியிருப்பில் துடைப்பம் ஏந்திப் பெருக்கினார். தில்லியின் ஆட்சியைப் பிடித்த ஆம் ஆத்மி கட்சியின் தேர்தல் சின்னமும் துடைப்பமே. 2019-இல் அக்கட்சியின் அரசு சாக்கடை அடைப்பை நீக்கும் 200 சிறு இயந்திர வண்டிகளை அறிமுகப்படுத்தி, அவற்றை இத்தொழிலாளர் குடும்பங்களே உடைமையாகக் கொண்டு நடத்த வகைசெய்தது. இத்தனை ஆண்டுகளில் பொருளியல் அறிவோடு எடுக்கப்பட்ட மிகச் சில நடவடிக்கைகளில் அது ஒன்று. எருவின் உரிமையை இழந்த சமூகத்துக்கு, ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டுக்குப் பிறகு, தொழிலில் மீண்டும் ஒரு சொத்துரிமை கிடைத்தது. தலைநகரின் நெருக்கமான சந்துகளுக்கும், தனியார் குடியிருப்புகளின் தொட்டிகளுக்கும் அந்த எண்ணிக்கை போதாது.

2025 ஜனவரி 29 அன்று உச்ச நீதிமன்றம் தில்லி, சென்னை உள்ளிட்ட ஆறு பெருநகரங்களில் மனிதரைச் சாக்கடைக்குள் இறக்குவதை முற்றிலும் நிறுத்த ஆணையிட்டது. அதே ஆண்டு செப்டம்பரில், தன் வளாகத்துக்கு வெளியே ஒரு வாயிலின் அருகிலேயே தொழிலாளர்களைக் கொண்டு கையால் சாக்கடை தூர்வாரச் செய்ததற்காகத் தில்லிப் பொதுப்பணித் துறைக்கு அதே நீதிமன்றம் 5 லட்சம் ரூபாய் அபராதம் விதித்தது. அந்த வேலையில் ஈடுபடுத்தப்பட்டவர்களில் ஒருவர் பதினெட்டு வயது நிறையாதவர்.